மஞ்சள் கொடி நட்ட புல்வெளி

அத்தியாயம் 6

மாத்திரைப் பெட்டியில் திங்கட்கிழமை காலைக் கட்டம் மட்டும்தான் காலி. திங்கள் இரவிலிருந்து இன்று வியாழன் வரைக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் ரத்த அழுத்த மாத்திரைகள் இரண்டிரண்டாக அப்படியே கிடந்தன.

லிகாயா அந்தப் பெட்டியைச் சமையலறை மேசை மேல் வைத்துவிட்டு, அதன் மேலிருந்து கையை எடுக்காமல் நின்றாள். முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவள். இந்த வீட்டுப் பேஸ்மென்டில் ஆறு வருடமாக வாடகைக்கு இருக்கிறாள். வீட்டுக்காரி ஹேஸல் டன்ஸ்மோருக்கு எழுபத்து மூன்று வயது. கல்யாணம் செய்துகொள்ளாதவர், பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். திங்கட்கிழமை முதல் அவரைக் காணவில்லை.

ஃபிரிட்ஜ் கதவில் கணினியில் அடித்த தாள் ஒன்று ஒட்டியிருந்தது. ஹாலிஃபாக்ஸில் ஒன்றுவிட்ட தங்கை வீட்டுக்குப் போகிறேன், இரண்டு வாரத்தில் வருவேன், கவலை வேண்டாம். போலீஸ் அதைப் படித்துவிட்டு, வயது வந்த பெண்மணி எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று சொல்லிப் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் லிகாயா எங்களைத் தேடி வந்தாள்.

"மேம் ஹேஸல் தெருமுனை பேக்கரிக்குப் போனாக்கூட இந்தப் பெட்டியக் கைப்பையில போட்டுக்கிட்டுத்தான் போவாங்க," என்றாள். "நாலு நாள் மாத்திரை இல்லாம அவங்க தாங்க மாட்டாங்க."

எங்களை என்றால், மேவிஸ் ப்ரிட்சர்டையும் என்னையும். மேவிஸ் இருபத்திரண்டு வருடம் நகராட்சியில் கட்டட ஆய்வாளராக இருந்தவர், இப்போது தனியாகத் துப்பறியும் பெண்மணி. ஒரு சுவரைத் தட்டிப் பார்த்தே அது யாருடைய பொய் என்று சொல்லிவிடுவார். நான் ஜெர்வாசியு. போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவிலிருந்து வந்து டொராண்டோவில் முப்பது வருடம் குழி வெட்டினேன், கான்கிரீட் ஊற்றினேன். முதுகு விட்டுப்போன பிறகு மேவிஸிடம் சேர்ந்தேன். இங்கே என் வேலை மூன்று. வண்டி ஓட்டுவது, பூட்டிய கதவைத் திறப்பது, மேவிஸ் யோசிக்கும்போது குறுக்கே பேசுவது. மூன்றாவதற்குத் தனிச் சம்பளம் கிடையாது.

எல்ம்கேட் தெருவில் வரிசையாக நாலு வீடுகள். முப்பத்தொன்பது, நாற்பத்தொன்று, நாற்பத்து மூன்று, நாற்பத்தைந்து. நாலையும் இடித்துவிட்டு ஒன்பது மாடியில் அறுபத்து நாலு வீடும், தரைக்குக் கீழே இரண்டு தளம் கார் நிறுத்தமும் கட்டப்போவதாக நகராட்சியின் அறிவிப்புப் பலகை சொன்னது. மூன்று வீடுகளை வாங்கி, ஜன்னல்களில் பலகை அடித்துப் பூட்டிவிட்டார்கள். விற்காத ஒரே வீடு ஹேஸலுடையது, நாற்பத்தொன்று. இரண்டு பக்கமும் கண்ணைக் கட்டிய பிணங்கள் நிற்க, நடுவே இது ஒன்று மட்டும் விழித்துக்கொண்டிருந்தது. இன்று மாலை ஆறரைக்குத் தேவாலய மண்டபத்தில் ஊர்க்கூட்டம். ஹேஸல் அங்கே எழுந்து பேசப்போவதாக லிகாயாவிடம் சொல்லியிருந்தாராம். என்ன பேசப்போகிறார் என்று மட்டும் சொல்லவில்லையாம்.

மேவிஸ் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார். பின்கதவைத் திறந்தோம்.

நவம்பர் வெளிச்சம். பகல் பன்னிரண்டு மணிக்கே சாயங்காலம் மாதிரி இருந்தது. ஒரு பக்கம் பெரிய ஓக் மரம், மறு பக்கம் பழைய கராஜ். நடுவே புல்வெளி. புல்வெளியில், முழங்கால் உயரக் கம்பிகளில் சின்னச் சின்ன மஞ்சள் கொடிகள், வீட்டுச் சுவரிலிருந்து கராஜ் வரை வரிசையாக நடப்பட்டிருந்தன. அதை ஒட்டிப் புல்லின் மேல் மஞ்சள் பெயின்ட் கோடு.

நான் நின்றுவிட்டேன்.

மேவிஸ் என் முகத்தைப் பார்த்தார். என்ன என்று கேட்டார்.

எழுத்துப் படிப்பதற்கு முன்பே நான் படித்த பாஷை அது என்று சொன்னேன். மஞ்சள் என்றால் கேஸ். சிவப்பு மின்சாரம், நீலம் தண்ணீர். இந்த ஊரில் மண்வெட்டியைத் தரையில் வைப்பதற்கு முன் ஓர் இலவச எண்ணுக்கு ஃபோன் செய்ய வேண்டும். அவர்கள் ஆள் அனுப்பி, பூமிக்குள் எது எங்கே ஓடுகிறது என்று பெயின்ட் அடித்து, கொடி நட்டு, ஒரு தாளைக் கதவில் சொருகிவிட்டுப் போவார்கள். ஐந்து வேலை நாள் வரை ஆகலாம். அதற்குள் வெட்டினால் சட்டப்படி குற்றம். கேஸ் குழாயில் கடப்பாரை பட்டால் குற்றப் பத்திரிகையைப் படிக்க ஆளே இருக்காது.

"ஆக, யாரோ இங்க வெட்டப்போறாங்க," என்றார் மேவிஸ்.

"இல்ல பாஸ். யாரோ இங்க வெட்டலாமான்னு கேட்டிருக்காங்க."

அந்த வித்தியாசம் அவருக்குப் பிடித்தது. உள்ளே போய் லிகாயாவிடம் தாளைக் கேட்டோம். பக்கவாட்டுக் கதவில் சொருகியிருந்ததைப் பீட்சா விளம்பரங்களோடு சேர்த்து எடுத்து வைத்திருந்தாள். மேவிஸ் அதை வெளிச்சத்தில் பிடித்தார். கேட்டவர் பெயர், எச். டன்ஸ்மோர். ஃபோன் எண், ஹேஸலின் கைப்பேசி. கேட்ட நாள், போன மாதம் இருபத்தெட்டு. பெயின்ட் அடித்த நாள், இந்தத் திங்கள். அதாவது ஹேஸல் காணாமல் போன அதே திங்கள். வேலை, ரோஜாச் செடி நடுதல். கையால் வெட்டுவது.

அதற்குக் கீழே அளவு. நான் விரலை வைத்து மெதுவாகப் படித்தேன். அகலம் ஒரு மீட்டர். நீளம் இரண்டு மீட்டர். ஆழம் ஒன்றே முக்கால் மீட்டர்.

லிகாயா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"ரோஜாவ நட்டுவைக்கல, படுக்கவைக்கப்போறாங்க," என்றேன். என் வாய் சில நேரம் என்னைக் கேட்காமலே பேசிவிடும். லிகாயா முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மேவிஸ் என்னைத் திட்டவில்லை. தாளின் படத்தில் பென்சிலால் ஒரு கட்டம் போட்டிருந்தார்கள். அந்தக் கட்டம் எங்கே வருகிறது என்று போய்ப் பார்க்கச் சொன்னார். ஓடிப்போய் அடி வைத்து அளந்தேன். கட்டம் விழுந்த இடத்தில் புல் அப்படியே இருந்தது. ஒரு மண்வெட்டிகூடப் படவில்லை. காரணமும் காலுக்குக் கீழேயே இருந்தது. மஞ்சள் கோடு அந்தக் கட்டத்தின் நட்டநடுவே குறுக்காக ஓடியது. ஹேஸலின் அப்பா அந்தக் காலத்தில் கராஜுக்குக் கேஸ் அடுப்பு வைத்தபோது பதித்த குழாயாக இருக்கும். யாருக்கும் தெரிந்திராது. தள்ளி வெட்டலாம் என்றால் அந்தப் பக்கம் முழுக்க ஓக் மரத்தின் வேர். அதைத் தொட நகராட்சி அனுமதி வேறு வேண்டும்.

"சட்டம் பேசுற கொலைகாரன்," என்றார் மேவிஸ். "குழாய் குறுக்க வந்ததும் நிறுத்திட்டான். வெட்டல. வெட்டாத குழியில யாரையும் போட முடியாது, லிகாயா. அவங்க இன்னும் உயிரோட இருக்கலாம்."

லிகாயா மாத்திரைப் பெட்டியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மேவிஸ் அந்த இலவச எண்ணை அழைத்தார். குரலை எழுபது வயதுக்கு ஏற்றிக்கொண்டு, நான்தான் ஹேஸல் டன்ஸ்மோர், என் விண்ணப்பம் என்ன ஆச்சு என்று கேட்டார். எதிர்முனையில் இருந்த பெண் மரியாதையாக, எந்த விண்ணப்பம் அம்மா, முதலாவதா இரண்டாவதா என்று கேட்டாள். மேவிஸின் புருவம் மட்டும் உயர்ந்தது. இரண்டாவது, திங்கட்கிழமை சாயங்காலம் கொடுத்திருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம், நாற்பத்து மூன்றாம் எண் வீட்டின் பின்தோட்டம். அதே அளவு. கெடு அடுத்த திங்கள் வரைக்கும் இருக்கிறது, ஆனால் ஆள் பக்கத்திலேயே இருப்பதால் இன்றே இரண்டு மணிக்கு வந்துவிடுவார்கள் என்றாள். வேகமாக முடிவதில் அவளுக்குச் சந்தோஷம்.

ஃபோனை வைத்துவிட்டு மேவிஸ் சன்னல் வழியாக நாற்பத்து மூன்றைப் பார்த்தார். பெயின்ட் அடித்துவிட்டால் அவனுக்கு அனுமதி கிடைத்த மாதிரி. இன்று இருட்டியதுமே வெட்டலாம்.

வாசலில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. கறுப்புக் கம்பளிக் கோட்டுப் போட்ட ஓர் ஆள். கர்ட் ஹாலண்டர் என்று பெயர் சொன்னார். ஒன்பது மாடி கட்டப்போகும் நிறுவனத்துக்காக வீடுகளை வாங்கிக் கொடுப்பவர் இவர்தான். தெருவில் இவரைப் பார்த்தால் நாயைக்கூட உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று லிகாயா முன்பே சொல்லியிருந்தாள். எங்களை யார் என்று கேட்கவில்லை. கூடத்தின் கூரையை, மாடிப்படியை, சுவரை எல்லாம் ஏற்கெனவே இடித்துவிட்ட மாதிரி பார்த்தார். ஹேஸல் எங்கே என்றார். தெரியாது என்றோம்.

"திங்கக்கிழமை மத்தியானம் எனக்கு ஃபோன் பண்றேன்னு சொன்னாங்க. பண்ணல," என்றார். பிறகு சிரித்தார். பல் மட்டும் சிரித்தது. "நான் பொறுமைசாலி. கடைசியில எல்லாரும் இந்த வீட்ட விட்டுப் போய்த்தான் ஆகணும். ஒண்ணு கதவு வழியா, இல்லன்னா பெட்டியில."

அவர் போன பிறகு நான் அவர் வண்டி எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். இந்த ஆளைத் தவிர வேறு யாரைத் தேட வேண்டும் என்று மேவிஸைக் கேட்டேன். மேவிஸ் கதவைச் சாத்தினார். ஹேஸல் எதற்காக அவருக்கு ஃபோன் செய்வதாகச் சொல்ல வேண்டும் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

ஒன்றரை மணிக்குத் தெருவில் இறங்கினோம். இரண்டு பக்கமும் வீட்டுக்கு வீடு சிவப்பு எழுத்தில் ‘ஒன்பது மாடி வேண்டாம்’ என்று அட்டைகள். மற்ற தெருக்களில் இந்த மாதிரி அட்டைகளைப் புல்லில் குத்தி நட்டுவைப்பார்கள். இங்கே எல்லா அட்டையும் வேலிக் கம்பியிலோ தூணிலோ கட்டியிருந்தது. இந்தத் தெருப் பணக்காரர்களுக்குப் பிள்ளைகளைவிடப் புல் மேல் பாசம் அதிகம் என்று சொல்லிவைத்தேன். மேவிஸ் ஒவ்வோர் அட்டையாகப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

நாற்பத்து மூன்றின் முன்னால் ஒரு பெரியவர் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் தலை, ட்வீட் கம்பளித் தொப்பி, மடிப்புக் கலையாத மழைக்கோட்டு. ஃபின்லி அபர்னதி, குடியிருப்போர் சங்கத் தலைவர். ஒன்பது மாடியை எதிர்த்து ஆறு வருடமாக நகராட்சிப் படியேறுபவர். காலி வீடு என்றால் யாராவது உள்ளே புகுந்து நெருப்பு வைத்துவிடுவார்கள், அதனால் சண்டை போட்டு நிறுவனத்திடமிருந்து ஒரு சாவி வாங்கி வைத்திருக்கிறேன், தினம் வந்து பார்ப்பேன் என்றார். லிகாயாவைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். ஹேஸலிடமிருந்து ஏதாவது தகவல் உண்டா என்று அக்கறையாக விசாரித்தார். மாலைக் கூட்டத்தில் படிக்கச் சொல்லி ஹேஸல் தனக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போயிருப்பதாகச் சொன்னார்.

"நெஞ்சைத் தொடுற கடிதம். இந்த மண்ண விட்டு நான் போகவே மாட்டேன்னு எழுதியிருக்கா," என்றார். "நீங்களும் அவசியம் வரணும். சாப்பிட பட்டர் டார்ட் இருக்கு."

மண்டபத்தில் நாற்காலி போட வேண்டும் என்று மணி பார்த்துக்கொண்டே நடந்து போனார். நடைபாதையில் கிடந்த ஒரு கண்ணாடித் துண்டைக் குனிந்து எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். நல்ல மனிதர் என்று நினைத்தேன்.

சரியாக இரண்டு மணிக்கு ஒரு வெள்ளை வேன் வந்தது. இறங்கிய பெண்ணுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். டெஸ்ஸா என்று மேல்சட்டையில் தைத்திருந்தது. கையில் குழாய் தேடும் கருவி, இடுப்பில் பெயின்ட் டப்பாக்கள். பக்கச் சந்து வழியாக நாற்பத்து மூன்றின் பின்தோட்டத்துக்குப் போனாள். நாங்களும் போனோம். கருவியைத் தரைக்கு மேலே ஆட்டி ஆட்டி நடந்தாள். கேஸ் இல்லை, மின்சாரம் இல்லை, தண்ணீர் இல்லை. வேலி ஓரமாக ஒரு வெள்ளைக் கட்டம் அடித்து நடுவில் சரி என்று குறி போட்டாள்.

"சுத்தமா இருக்கு. தாராளமா வெட்டலாம்," என்றாள்.

வேலை செய்கிறவர்களிடம் நான் பேசினால் அவர்களும் பேசுவார்கள். குளிருக்கு ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தேன். திங்கட்கிழமை பக்கத்துத் தோட்டத்தில் பெயின்ட் அடித்ததும் நீதானா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். அன்றைக்கு வீட்டுக்கார அம்மா இருந்தாரா? இல்லை, ஒரு தாத்தா மட்டும்தான் இருந்தார், அம்மா தூங்குகிறார் என்றார், அவருக்குத் தொழில் தெரியும் என்றாள்.

"நான் அடிச்ச கோடு ஒரு சாண் தள்ளி இருக்குன்னாரு. எனக்குக் கோபம். மறுபடி வச்சுப் பார்த்தா, தாத்தா சொன்னதுதான் சரி. கோடு கட்டத்துக்குள்ள வந்ததும் மூஞ்சி தொங்கிப்போச்சு. ஆனா தேங்க்ஸ் சொல்லிட்டுத்தான் போனாரு."

வேன் போனது. எனக்கு இன்னும் ஹாலண்டரின் பல் கண்ணுக்குள்ளேயே இருந்தது. அவர் அனுப்பிய ஆளாக இருக்கும் என்றேன். மேவிஸ் அந்த வெள்ளைக் கட்டத்தின் ஓரத்தில் நின்று, கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, என்னை ஒரு கேள்வி கேட்டார். இரண்டு தளம் கார் நிறுத்தத்துக்கு எவ்வளவு ஆழம் தோண்டுவார்கள்?

ஏழு மீட்டர், எட்டு மீட்டர் என்றேன். நாலு மனையையும் வேலியிலிருந்து வேலி வரைக்கும். முதல் வாரமே இந்த மண் முழுக்க லாரியில் ஏறிவிடும்.

"ஹாலண்டருக்கு அது தெரியாதா?" என்றார். "ஒண்ணே முக்கால் மீட்டர்ல ஒரு பிணத்தப் புதைச்சுட்டு, அதே இடத்துல எட்டு மீட்டர் தோண்ட அவரே ஆள் கூட்டிட்டு வருவாரா? இங்க புதைக்கிறவனுக்கு ஒரு விஷயத்துல சந்தேகமே இல்ல, ஜெர்வி. இங்க எந்தக் காலத்துலயும் கட்டடம் வராது."

உள்ளங்கையில் எழுதியிருந்த ஹாலண்டரின் வண்டி எண்ணை நான் கோட்டில் தேய்த்து அழித்தேன்.

மேவிஸ் லிகாயா பக்கம் திரும்பினார். தெருவில் அட்டைகளை ஏன் புல்லில் நடாமல் வேலியில் கட்டியிருக்கிறார்கள் என்று கேட்டார்.

"மிஸ்டர் அபர்னதி விட மாட்டாரு," என்றாள் லிகாயா. "ஒரு குச்சி குத்தணும்னாகூட முதல்ல ஃபோன் பண்ணுங்கம்பாரு. கேஸ் கம்பெனியில முப்பது வருஷம் பாதுகாப்பு அதிகாரியா இருந்தவரு. அவர் ஆளுங்க மூணு பேர் ஒரு வெடிப்புல போயிட்டாங்களாம். மேம் ஹேஸல் டூலிப் வச்சப்போகூட..." அவள் பாதியில் நிறுத்தினாள். வெள்ளைக் கட்டத்தைப் பார்த்தாள். பிறகு பலகை அடித்த வீட்டைப் பார்த்தாள்.

மேவிஸ் அதற்குள் தனக்குத் தெரிந்த ஒரு போலீஸ் அதிகாரியை அழைத்துவிட்டார். ஆம்புலன்ஸும் வேண்டும் என்றார். எவ்வளவு நேரம் ஆகும் என்று அங்கிருந்து கேட்டிருப்பார்கள் போல. "நாங்க காத்திருக்கப் போறதில்ல," என்று சொல்லி வைத்துவிட்டார்.

என் வேலைகளில் இரண்டாவதற்கு நேரம் வந்தது. வண்டியிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்தேன். பின்கதவில் அடித்த பலகை மூன்று நெம்பில் வந்தது. உள்ளே தூசி, எலி, பழைய கம்பளம். பேஸ்மென்ட் கதவில் மட்டும் புதுத் தாழ்ப்பாள், வெளிப்பக்கமாக. கீழிருந்து ஒரு சூடு மேலே வந்தது. வெறும் வீட்டில் இருக்கக் கூடாத சூடு.

படியில் நான்தான் முதலில் இறங்கினேன். கீழே ஒரு மண்ணெண்ணெய் ஹீட்டர். ஒரு மடக்குக் கட்டில். கட்டிலில் இரண்டு கம்பளியைக் கழுத்து வரை ஒழுங்காகச் செருகி, ஹேஸல் டன்ஸ்மோர். பக்கத்தில் ஃபிளாஸ்க், தூக்க மாத்திரைப் புட்டி. தலைக்கு மேலே சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி, பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. விஷவாயு கசிந்தால் கத்தும் கருவி. நேற்றோ முந்தாநாளோ மாட்டியது, விலைச் சீட்டுகூட இன்னும் கிழிக்கவில்லை. கொல்லப்போகிற ஆளுக்கு அதற்குள் மூச்சு முட்டிவிடக் கூடாது என்று மாட்டிவைத்திருக்கிறார். முப்பது வருடத்தில் எத்தனையோ குழிகளைப் பார்த்தவன் நான். அந்தப் பச்சை விளக்கை மட்டும் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

லிகாயா என்னைத் தள்ளிவிட்டு ஓடினாள். நாடி பார்த்தாள், கன்னத்தைத் தட்டினாள், ஏதோ தன் பாஷையில் முணுமுணுத்தாள். ஹேஸல் கண்ணைத் திறக்க ரொம்ப நேரம் பிடித்தது. லிகாயாவை அடையாளம் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"பெயின்ட் அடிச்சாச்சா?"

லிகாயா அவர் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஃபின்லி தினம் வந்து சொல்லுவான். இன்னும் குறி போடல ஹேஸல், போட்டதும் முடிச்சிடலாம், உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு." அவர் உதடு காய்ந்து ஒட்டியிருந்தது. "அழுவான். அழுதுட்டு டீ ஊத்திக் கொடுப்பான்."

ஆம்புலன்ஸ் வந்து, ஊசி போட்டு, சொட்டு மருந்து ஏற்றி, பேச்சு தெளிவதற்குள் மணி ஐந்தரை ஆகிவிட்டது. நடந்ததை ஹேஸல் துண்டு துண்டாகச் சொன்னார். போன மாதக் கடைசியில் தன் வீட்டில் அபர்னதியோடு டீ குடிக்கும்போது, ஹாலண்டரிடம் பேசப்போவதாக இவரே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். அபர்னதி கோபப்படவில்லை. திங்கட்கிழமை வரை யோசி, ஒரே ஒரு வாரம் கொடு என்று கேட்டாராம். பழகிய மனிதர் என்று கொடுத்திருக்கிறார். ஹேஸல் சமையலறையில் இருந்தபோது அவர் கைப்பேசி அபர்னதி பக்கத்தில் மேசை மேலேயே கிடந்ததாம். திங்கள் காலை பதில் கேட்க அபர்னதி வீட்டுக்கே வந்து ஊற்றிக் கொடுத்த டீயில்தான் தூக்க மாத்திரை.

காணாமல் போனவர் கையெழுத்துப் போட முடியாது என்றார் மேவிஸ். செத்தார் என்று நிரூபிக்கவும் முடியாது. வீடு வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். கட்டடமும் வராது.

ஆஸ்பத்திரிக்கு இப்போதே போக வேண்டும் என்று ஆம்புலன்ஸ்காரர்கள் வற்புறுத்தினார்கள். ஹேஸல் முடியாது என்றார். பத்து நிமிடம் மண்டபத்துக்கு, அப்புறம் எங்கே வேண்டுமானாலும். முப்பது வருடம் வகுப்பை அடக்கியவரின் குரல் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கடைசியில் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, சொட்டு மருந்துப் பையை லிகாயா கையில் தூக்கிப் பிடிக்க, நான் தள்ளிக்கொண்டு போனேன், பின்னால் மேவிஸும் வந்துசேர்ந்திருந்த இரண்டு போலீஸ்காரர்களும்.

மண்டபத்தில் இருநூறு பேர். கம்பளிக் கோட்டு, முத்துமாலை, ஈரக்குடை வாசனை. மேடையில் அபர்னதி மைக் முன்னால் நின்று, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஹேஸலின் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். இந்த மண்ணை விட்டு நான் போக மாட்டேன் என்ற வரிக்கு வந்தார். முன்வரிசையில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் அவர் எங்களைப் பார்த்தார்.

கத்தவில்லை, ஓடவில்லை. கடிதத்தை நாலாக மடித்தார். இரண்டு போலீஸ்காரர்கள் மேடை ஏறினார்கள்.

"கீழ வயர் கிடக்கு. பார்த்து வாங்க," என்றார் அவர்களிடம்.

கையைப் பின்னால் வைத்து விலங்கு மாட்டினார்கள். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. மேவிஸ் மைக்கைக் கழற்றிக்கொண்டு வந்து ஹேஸல் கையில் கொடுத்தார். என்ன நடந்தது என்று ஹேஸல் ஐந்தாறு வாக்கியத்தில் சொன்னார். கட்டில், டீ, மாத்திரை, பின்தோட்டத்தில் போட்ட கட்டம். வகுப்பில் நதிகளின் பெயர் சொல்கிற மாதிரி வரிசையாகச் சொன்னார்.

"அந்தக் கடிதம் நான் எழுதினது இல்ல," என்றார் கடைசியாக. "என்னால மாடிப்படி ஏற முடியல. மூட்டு ரெண்டும் போச்சு. எனக்கு லிஃப்ட் இருக்கிற வீடு வேணும், இதே தெருவுல, நீங்கள்லாம் இருக்கிற தெருவுல. வரப்போற ஒன்பது மாடியிலதான் அது கிடைக்கும். அதனால விக்கிறேன். இதச் சொல்லத்தான் இன்னிக்கு இங்க வர்றதா இருந்தேன்."

நான் கைத்தட்டலை எதிர்பார்த்தேன். இல்லை, யாராவது ஓடிவந்து அவர் தோளைத் தொடுவார்கள் என்றாவது எதிர்பார்த்தேன். நாலு நாள் சாவுக்குப் பக்கத்தில் படுத்துவிட்டு வந்த பெண், இவர்களோடு நாற்பது வருடம் வாழ்ந்தவர்.

கண்ணைத் துடைத்துக்கொண்ட பெண்மணிதான் முதலில் எழுந்தார். கைக்குட்டை இன்னும் கையில் இருந்தது.

"கையெழுத்துப் போட்டுட்டீங்களா, ஹேஸல்?" என்று கேட்டார். அமைதியாக, ரொம்ப மரியாதையாக.

இன்னும் இல்லை என்றார் ஹேஸல்.

பக்கவாட்டுக் கதவு வழியாக அபர்னதியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு தலைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. இருநூறு முகமும் சக்கர நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்தார்கள். அப்புறம் இன்னும் நாலு பேர். வாசலுக்குப் போகிற நடுப்பாதையில் வந்து நின்றார்கள், அவ்வளவுதான்.

பேஸ்மென்டிலிருந்து தூக்கி வந்தபோதுகூட யாரையும் பற்றிக்கொள்ளாத ஹேஸலின் விரல்கள், இப்போது என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தன.

"அந்த வழியா வேண்டாம்," என்றார் ஹேஸல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "பின்னாடி கதவு இருக்கான்னு பாருங்க."